ஏழாவது கன்னி

தண்ணீர் வற்றிவிட்டது என்று கிணற்றை மூடுவார்கள். தண்ணீர் வந்துவிட்டது என்று கிணற்றை மூடிய அதிசயம் கச்சிராயபாளையத்துக்குக் கிழக்கே, காசிநாதன் கொல்லையில்தான் நடந்தது.

கோமுகி அணை கூப்பிடு தூரம். ஆனால் அணைத் தண்ணீருக்கு ஆள் பார்த்துப் பாயத் தெரியும். காசிநாதனுடையது மேட்டுக் கொல்லை. வாய்க்கால் அதன் ஓரமாக வந்து, நின்று, பள்ளத்து வயல்காரர்களைப் பார்த்துத் திரும்பிவிடும். அப்பா காலத்துக் கிணறு ஒன்று இருந்தது. அது இரண்டு கோடையாகத் தவளைக்குக்கூடத் தண்ணீர் காட்டவில்லை. நட்ட கரும்பு முழங்கால் உயரம் வந்திருந்த நேரம், ஆனது ஆகட்டும் என்று கிணற்றை ஆழப்படுத்தத் துணிந்தார்கள்.

கம்ப்ரசர் வண்டி வந்தது. கிரேன் வந்தது. ஆட்கள் உள்ளே இறங்கிக் குழி அடித்து, தோட்டா வைத்து, மேலே ஏறி ஓடி, புகை அடங்கியதும் மறுபடி இறங்கினார்கள். வெயில் நேரே கிணற்றுக்குள் விழும்போது பாறை அடுப்புமாதிரி கொதித்தது. காசிநாதனின் மனைவி ஆயம்மாள் ஆட்களுக்கெல்லாம் கேழ்வரகுக் களி கிண்டினாள். புளிச்சக்கீரையைக் கடைந்து சட்டியோடு தூக்கிக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் வைத்தாள். களியைக் கிண்டிய அதே துடுப்பால் ஆட்களை வேலைக்குத் துரத்தவும் செய்தாள்.

கிரேன் தொட்டியில் மேலே வந்த கல் அழகாகத்தான் இருந்தது. கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக ஓடி, நடுநடுவே மாதுளை முத்தைத் தெளித்தமாதிரி சிவப்பு. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த மலையடிவாரத்தில் எங்கே தோண்டினாலும் அதுதான் வரும். வீட்டு அஸ்திவாரத்துக்குப் போடுவார்கள். ஆட்டுக்குட்டி கட்ட முளையடிப்பார்கள்.

ஒரு நாள் மத்தியானம் ஊற்றுக் கண் திறந்தது. உள்ளே இருந்தவர்கள் கணுக்கால் நனைந்து மேலே ஏறி வந்தார்கள். ஆயம்மாள் வாய் விட்டு அழுதாள்.

ஊற்றுக் கண் திறந்த இடத்துக் கல்லில் ஏழு எடுத்து, கழுவி, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, நல்லெண்ணெய் தடவி, கிணற்று மேட்டில் கிழக்குப் பார்த்து உட்கார வைப்பது அந்தப் பக்கத்து வழக்கம். ஏழு கன்னிமார். கிணறு அவர்கள் பொறுப்பு. அதற்கப்புறம் கிணற்று மேட்டில் யாரும் செருப்போடு ஏறமாட்டார்கள். ஆறு கல் ஒழுங்காக உட்கார்ந்தது. ஏழாவது, தேங்காய் அளவுகூட இல்லாத சின்னது, இரண்டு தடவை உருண்டு விழுந்தது. இது வீட்டுக்கு வருகிறேன் என்று அடம் பிடிக்கிறது என்று ஆயம்மாள் அதை மடியில் கட்டிக்கொண்டு போய் வீட்டு விளக்கு மாடத்தில் வைத்தாள்.

பொங்கல் வைத்ததோடு கதை முடிந்திருக்க வேண்டும். கிரேன் ஓட்டிய வீரமணிக்குக் கை சும்மா இருக்கவில்லை. சாமியைப் படம் எடுத்து, பாட்டு சேர்த்து, 'கல்வராயன் மலையடியில் ரத்தினக் கன்னிகள்' என்று எழுதி செல்போனில் ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டான்.

முதலில் வந்தவர் ஆய்வுச் செம்மல் கலையரசன். சின்னசேலத்தில் நகைக்கடை வைத்திருக்கிறார். ஆய்வுச் செம்மல் பட்டம் ஒரு விழாவில் வழங்கப்பட்டது. விழாவை நடத்தியவரும் அவர்தான், பட்டத்தைப் பெற்றுக்கொண்டவரும் அவர்தான். மேடையில் அவருக்கு அவரே பொன்னாடை போர்த்த முடியாமல் போனதால் மட்டும் இன்னொருவரைக் கூப்பிட்டிருந்தார்.

கலையரசன் கிணற்று மேட்டுக்குப் போகவில்லை; அங்கே வெயில். வீட்டுக்குள் வந்து விளக்கு மாடத்துக் கல்லைக் கேட்டார். ஒரு கம்பளி கேட்டார். கல்லையும் தன் தலையையும் கம்பளிக்குள் போட்டுக்கொண்டு, கடையில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை எடுத்து அடித்தார். உள்ளேயிருந்து சின்னதாக ஒரு அலறல் கேட்டது. கல், மஞ்சளும் பச்சையுமாக, பூனைக் கண்மாதிரி ஜொலித்திருக்கிறது.

தலையை வெளியே எடுத்தபோது அவர் வேறு ஆளாகியிருந்தார். தானே ஒளிவிடும் கல் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான், அது நாகமாணிக்கம், அரசர் ஒருவர் படையெடுப்புக்குப் பயந்து மலையடியில் புதைத்த கருவூலம் இதுதான் என்று வாசலில் நின்று பேசினார். எந்த அரசர் என்று ஒருத்தர் கேட்டதற்கு, ஆய்வு தொடர்கிறது என்றார். பாறைக்குள் அறுபதடி ஆழத்தில், வெடி வைத்தாலொழிய உடையாத இடத்தில், அந்த அரசர் எப்படிப் புதைத்தார் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

மறுநாளே ஆபீஸ் கிளம்பி வந்தது. எந்த ஆபீஸ் என்பது முக்கியமில்லை. எல்லா ஆபீஸுக்கும் ஒரே மாதிரிப் படி, ஒரே மாதிரி நாற்காலி, அதில் ஒரே மாதிரித் துண்டு. அதிகாரி பெயர் ஜெயப்பிரகாஷ். ஜீப்பிலிருந்து இறங்கும்போதே கண்ணாடியைக் கழற்றிவிட்டு மலையைப் பார்த்தார். மலை எழுந்து நிற்கும் என்று எதிர்பார்த்தவர்போல. கிணற்றைச் சுற்றிச் சிவப்பு ரிப்பன் கட்டினார்கள். தோண்டிப் போட்ட கல் குவியல், ஆறு கன்னிமார், மோட்டார் கொட்டகை எல்லாம் ரிப்பனுக்குள் போயின. உத்தரவில் கிணறு என்று மட்டும் இருந்ததால் வீட்டு மாடத்துக் கல் தப்பியது. மோட்டார் பியூஸ் கட்டையைப் பிடுங்கி ஒரு உறையில் போட்டு அரக்கு வைத்தார்கள்.

ஆயம்மாள் ரிப்பனுக்கு இந்தப் பக்கம் நின்றாள்.

"கல்லுதான சார் வேணும்? எல்லாத்தியும் எடுத்துக்கினு போங்க. கெணத்த வுட்ருங்க. கரும்பு காயுது."

"அம்மா, இது உணர்ச்சிவசப்பட வேண்டிய விஷயம் அல்ல," என்றார் ஜெயப்பிரகாஷ். "பூமிக்கு அடியில் இருப்பதெல்லாம் அரசாங்கத்தின் சொத்து."

"தண்ணியும் அடியிலதான் சார் கீது."

"அதனால்தான் அதையும் சேர்த்து சீல் வைத்திருக்கிறோம்."

படித்தவர்கள் யாராவது கல்லைச் சோதித்து, இன்னது என்று நிரூபித்து எழுதிக் கொடுத்தால் மேற்கொண்டு பரிசீலிக்கப்படும் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். கருவூலம் என்று கத்தியவரிடம் யாரும் நிரூபணம் கேட்கவில்லை. கல் என்று சொல்பவள்தான் நிரூபிக்க வேண்டும்.

காவலுக்கு ஒரு பெரியவரை பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். அவருக்குக் குடிக்க ஒரு கேன் தண்ணீர் வந்தது. கிணற்றில் தண்ணீர் ஏறிக்கொண்டே போனது. மேலே நின்று எட்டிப் பார்த்தால் வானம் தெரிந்தது. பக்கத்திலேயே கரும்பு குருத்து சுருண்டு, தோகை ஊசியாகி, காற்றடிக்கும்போது காகிதம்மாதிரி சத்தம் போட்டது. ஆயம்மாள் தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தூக்கி வந்து ஓரத்துச் சாலுக்கு ஊற்றினாள். ஊற்றிய தண்ணீர் கரும்பு வேருக்குப் போவது இருக்கட்டும், மண்ணுக்கே போதவில்லை.

"வுடு, ஆயி. இது ஆனை வாயில எள்ளு," என்றான் காசிநாதன்.

"நீ ஊத்தாத. நான் ஊத்தறத ஏன் தடுக்கற?"

பக்கத்துக் கொல்லை பிலவேந்திரனின் மகன் மார்ட்டின், சேலத்தில் ஒரு கல்லூரியில் பாறைகளைப் பற்றிப் பாடம் நடத்துகிறவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து அப்பாவைப் பார்க்க வந்தவனை ஆயம்மாள் வழியிலேயே மடக்கினாள். காவலாள் குவியலிலிருந்து ஒரு சல்லிகூட எடுக்க விடமாட்டேன் என்றார். அவர்மேல் குற்றமில்லை, உட்காரச் சொன்னார்கள், உட்கார்ந்திருக்கிறார். வேறு வழியில்லாமல் வீட்டு விளக்கு மாடத்துக் கல்லை இறக்கினார்கள்.

மார்ட்டின் முதல் காரியமாகச் சீயக்காய் கேட்டான்.

"மொதல்ல மூஞ்சி கழுவணுங்க்கா. எண்ணெயும் குங்குமமும் இருந்தா எந்தக் கல்லும் மாணிக்கந்தான்."

தேய்த்துக் கழுவியதும் கல் பாதி அழகை இழந்தது. சிவப்பு முத்துகள் ரத்தச் சிவப்பிலிருந்து பழுத்த இலந்தைப் பழச் சிவப்புக்கு இறங்கின. மார்ட்டின் தன் பையிலிருந்து ஒரு ஊதா விளக்கை எடுத்தான். கம்பளிக்குள் கல்லோடு காசிநாதனும் ஆயம்மாளும் தலையை நுழைத்தார்கள். விளக்கு எரிந்தது. கல் இருட்டாகக் கிடந்தது. குளித்து மஞ்சள் பூசியிருந்த ஆயம்மாளின் கன்னம் பச்சையாக ஜொலித்தது.

ஒளிவிட்டது கல் இல்லை, மஞ்சள்தான் என்றான் மார்ட்டின்.

"அப்ப இவளுக்கும் சீல் வெச்சிருவானா?" என்றான் காசிநாதன்.

அந்தக் கோடையில் அந்த வீட்டில் சிரித்தது அப்போதுதான்.

மார்ட்டின் கல்லைத் திண்ணையில் வைத்து வேலையைப் பார்த்தான். பேனாக்கத்தியால் சிவப்பு முத்தைக் கீறினான். முத்தில் கீறல் விழவில்லை; கத்தியின் இரும்புதான் அதன்மேல் கோடாக ஒட்டியது. உடைந்த கண்ணாடியில் முத்தைத் தேய்த்தான். கண்ணாடியில் கோடு விழுந்தது. லென்ஸைக் கொடுத்து இருவரையும் பார்க்கச் சொன்னான். முத்து உருண்டை இல்லை. பட்டை பட்டையாக முகம் வைத்து, செதுக்கின பம்பரம்போல் இருந்தது. மாணிக்கம் இப்படி வளராது, ஆறு பக்கம் வைத்துப் பீப்பாய்மாதிரி வளரும் என்றான். இது கார்னெட். பாறை உள்ளே கிடந்து வேகும்போது அதற்குள்ளேயே முளைக்கிறது.

"அப்ப எழுதிக் குடு தம்பி."

"கையில வெச்சிப் பாத்துச் சொன்னேன்னா அந்தச் செம்மல் ஒத்துக்க மாட்டாருக்கா. அவரும் கையில வெச்சித்தான பாத்தாரு. மைக்ராஸ்கோப்ல போட்டு எழுதணும். அதுக்குக் கல்ல அறுக்கணும்."

காசிநாதன் எழுந்துவிட்டான். சாமியை அறுப்பதா, அதுவும் கன்னியை. கரும்பு போனால் போகட்டும், வம்சம் போகக்கூடாது என்றான். மார்ட்டின் லென்ஸைப் பையில் போட்டான். அறுக்கச் சொல்வதற்கு அவனுக்கு அந்த வீட்டில் என்ன உரிமை? ஆயம்மாள் கொல்லைப்பக்கம் திரும்பிக் காய்கிற கரும்பைப் பார்த்தாள்.

"கல்லு வேற, அவ வேற. அவள செம்புத் தண்ணியில எறக்கி வெச்சிட்டு, கல்லத் தரேன்."

கோயில் திருப்பணியில் அப்படித்தான் செய்கிறார்கள். சாமியைச் செம்பில் இறக்கிவிட்டுச் சிலையைத் தொடுவார்கள். காசிநாதன் எழுந்து போய்ச் செம்பை எடுத்து வந்தான். ஆனால் செம்புக்குத் தண்ணீர் வேண்டும். அன்றைக்குத் தெருக்குழாய் வரவில்லை. கல்லும் செம்புமாகக் கிணற்றடிக்குப் போனார்கள். எதிரே நிறைய, வானம் தெரியும் அளவுக்கு, கிணற்றுத் தண்ணீர்; சுற்றிலும் ரிப்பன். கடைசியில் காவலாள் எழுந்து, செருப்பை உதறிவிட்டு, தன் கேனைச் சாய்த்துச் செம்பில் ஊற்றினார். கன்னி கம்பெனித் தண்ணீரில் குடியேறினாள். வேப்பிலை போட்டு வாயைக் கட்டி மாடத்தில் வைத்தாள் ஆயம்மாள். கிணறு திறக்கும் அன்றைக்கு உன்னைக் கிணற்றிலேயே கொண்டுபோய் ஊற்றுகிறேன் என்று வாக்குக் கொடுத்தாள்.

சேலத்துக்கு அவளும் போனாள். கல்லை அறுக்கும்போது கிட்ட இருக்க வேண்டும் என்றாள். வைரத்தூள் பதித்த சக்கரம் தண்ணீர் தெளித்துக்கொண்டே சுற்றியது. வெட்டிய பில்லையைக் கண்ணாடியில் ஒட்டி, பொடி போட்டுத் தேய்த்துக்கொண்டே இருந்தான் மார்ட்டின். காலையில் ஆரம்பித்தது சாயங்காலம்தான் முடிந்தது. கல், வெங்காயச் சருகைவிட மெல்லிசாகி, வெளிச்சத்தைத் தன் வழியாக விட்டது. பாறைக்குள் வெளிச்சம் புகுந்து வந்ததை ஆயம்மாள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

மைக்ராஸ்கோப்பில் ஒரு கண்ணை வைக்கச் சொன்னான். ரோஜா நிறத்தில் வெளிறி, காய்ந்த ஏரிமாதிரி வெடித்து, சுற்றியிருப்பதைவிட மேடாக ஒன்று தெரிந்தது. அதுதான் சிவப்பு முத்து. பிறகு மார்ட்டின் குழாய்க்குள் ஒரு கண்ணாடியைத் தள்ளினான். ரோஜா நிறம் அணைந்து மையிருட்டானது. மேடையைத் திருப்பச் சொன்னான். ஆயம்மாள் திருப்பினாள். சுற்றியிருந்த மற்றக் கல் துணுக்கெல்லாம் வெளுத்தது, கறுத்தது, மறுபடி வெளுத்தது. நடுவில் இருந்தது மட்டும் கறுப்பாகவே நின்றது.

"மாணிக்கமா இருந்தா ஒரு சுத்துல நாலு தபா வெளுக்கும், நாலு தபா கறுக்கும்," என்றான் மார்ட்டின். "கார்னெட்டு வெளுக்கவே வெளுக்காது."

அவள் இன்னொரு முறை முழுக்கத் திருப்பினாள்.

"எவன் திருப்பினாலும் மசியல பாரு."

இது எப்படி உண்டாகிறது என்று கேட்டாள். ஒரு காலத்தில் சேறாக இருந்தது, மலைக்கு அடியில் போய் மாட்டிக்கொண்டு, சூட்டிலும் பாரத்திலும் வெந்து இப்படி ஆனது என்றான். எத்தனை பாரம் என்றாள். கல்வராயன் மலைமாதிரி இருபது முப்பது மலையை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கினால் வரும் பாரம் என்றான்.

"அம்மாம் பாரத்துலேந்து தப்பிச்சி வந்த கல்ல," என்றாள் ஆயம்மாள், "ஒரு ரிப்பன்ல கட்டிட்டான் பாரு பாவி."

மார்ட்டின் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். மறுநாள் மூன்று பேருமாக ஆபீஸுக்குப் போனார்கள். ஆயம்மாள் செம்பையும் பூசைப் பையையும் எடுத்துக்கொண்டாள். பியூஸ் கட்டையை வாங்கியதும் நேரே கிணற்றுக்குப் போய் ஊற்றிவிட வேண்டும், நடுவில் வீட்டுக்குத் திரும்பக்கூடாது.

ஜெயப்பிரகாஷ் அறிக்கையை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். பக்கத்தில் கலையரசன் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"கார்னெட் என்றால் தமிழில் என்ன?" என்று கேட்டார் அதிகாரி.

"கோமேதகம்," என்றார் கலையரசன், கண்ணிமைக்காமல். "நவரத்தினங்களில் ஒன்று. நான் தொடக்கத்திலிருந்தே சந்தேகித்தேன்."

மார்ட்டின் குறுக்கிட்டான். கோமேதகம் கார்னெட்டில் வேறு வகை; இது உப்புத்தாளில் ஒட்டுகிற வகை, இதில் மூக்குத்திக்குக்கூடக் கல் தேறாது என்று விளக்கினான். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, மாணிக்கம் இல்லை என்பது நிரூபணமாகிவிட்டது, மகிழ்ச்சி என்றார். ஆனால் கார்னெட் என்பதும் நிரூபணமாகிவிட்டது. அதுவும் கனிமம். மாணிக்கமாக இருந்தால் ஒரு துறை, கார்னெட்டாக இருந்தால் வேறு துறை. அந்தத் துறைக்கு எழுதுவார். பதில் வரும்வரை சீல் தொடரும்.

"எப்ப சார் வரும்?"

"உரிய காலத்தில்."

கரும்புக்கும் உரிய காலம் என்று ஒன்று உண்டு என்பதை அந்த அறையில் சொல்ல ஆள் இல்லை. மூவரும் வெளியே வந்தார்கள். முதியோர் பென்ஷன் கேட்டு வந்தவர்கள் வாசலில் குந்தியிருந்தார்கள். மார்ட்டின் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு படியில் கால் வைத்தவன் அப்படியே நின்றான். குனிந்தான். விரலால் தேய்த்துப் பார்த்தான்.

"மாமா, அக்கா, இங்க பாருங்க," என்றான் மெதுவாக. "ஆபீஸ் படி. அதே கல்லு. உங்க கொல்லைக் கல்லேதான்."

கறுப்பும் வெளுப்பும் பட்டை பட்டையாக. ஜீப்பிலிருந்து இறங்கிய பூட்ஸ்களெல்லாம் மிதித்து மிதித்துப் புழுதி ஏறியிருந்ததால் சிவப்பு தெரியவில்லை. ஆயம்மாள் படியைப் பார்த்தாள். மூடிய கதவைப் பார்த்தாள். செம்பின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்தாள்.

"ஆயி, இன்னா பண்ற? கெணத்துக்குன்னு வாக்கு குடுத்தியே," என்றான் காசிநாதன்.

"ஞாயம் சொல்ற எடத்துல அவ கொஞ்ச நாளு குந்தட்டும்."

தண்ணீர் விழுந்ததும் புழுதி கரைந்தது. படி நெடுக மாதுளை முத்து மாதுளை முத்தாகச் சிவப்பு எழுந்து வந்தது. மஞ்சளைக் குழைத்துப் பூசினாள். குங்குமம் வைத்தாள். கற்பூரம் ஏற்றினாள். குந்தியிருந்த கிழவிகளில் ஒருத்தி ஏன் எதற்கு என்று கேட்காமல் எழுந்து கும்பிட்டாள். இன்னொருத்தி குலவை போட்டாள். டீ கிளாஸ் எடுக்க வந்த பியூன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றார்.

சத்தம் கேட்டு ஜெயப்பிரகாஷ் வாசலுக்கு வந்தார். பூட்ஸ் மாட்டியிருந்தது. நிலைப்படிக்கு உள்ளேயே அப்படியே நின்றார். பின்வாசல் இல்லாத ஆபீஸ் இல்லை, அங்கேயும் இருந்தது. அதை அடைத்துப் பழைய பீரோக்கள் நின்றன.

"யாரிது? என்ன இதெல்லாம்?"

"ஏழாவது கன்னி சார். உங்க படியில எறங்கிட்டா."

"அம்மா, விளையாடாதீர்கள். இது வெறும் கல்."

ஆயம்மாள் மஞ்சள் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்க கெணத்துல கீறதும் இதே கல்லுதான்னு மார்ட்டின் தம்பி சொல்லுது. அது கனிமம்னா இதுவும் கனிமம். ஒங்க ஆபீஸுக்கும் ரிப்பன் கட்டுங்க. இல்ல, இது வெறும் கல்லுன்னா, அத்தயே எழுதிக் குடுங்க சார்."

அதிகாரி கலையரசனைத் தேடினார். ஆய்வுச் செம்மல் ஜன்னல் ஓரமாக நின்று, ஆய்வைத் தொடர்ந்துகொண்டிருந்தார். தாண்டிப் போனால் இத்தனை செல்போனும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஒதுங்கிப் போக இடமில்லை. சாப்பாட்டு நேரம் வேறு வந்தது. ஜெயப்பிரகாஷ் உள்ளே போனார்.

அவர் வெளியே வருவதற்கு வெகுமுன்பே பியூஸ் கட்டை வந்தது. படியைத் தொடாமல், ஜன்னல் கம்பி வழியாக, வெளியே நின்ற பியூன் கை மாறி வந்தது. கூடவே ஒரு தாள். மேற்படி கல் சாதாரணக் கட்டடக் கல்லே என்று கையெழுத்தும் முத்திரையும்.

ஏழாவது கன்னி இன்னும் அந்தப் படியில்தான் இருக்கிறாள். யாருக்கும் அவளை மறுபடி செம்புத் தண்ணீரில் இறக்கி எடுக்கத் துணிவில்லை. அதற்கப்புறம் வந்த அதிகாரிகளெல்லாம் பூட்ஸைக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீஸுக்குள் போகிறார்கள். ஏன் என்று கேட்டால், ரொம்பச் சக்தியுள்ள சாமி என்கிறார்கள். கலையரசன் அதன் வரலாற்றை எழுதிக்கொண்டிருப்பதாகக் கேள்வி.

அன்றைக்குச் சாயங்காலம் காவலாளே ரிப்பனை அறுத்தார். காசிநாதன் கட்டையைச் செருகினான். மோட்டார் இருமி, இழுத்து, ஓடியது. தண்ணீர் வாய்க்காலில் நுரைத்துக்கொண்டு போய்க் கரும்புச் சாலில் புகுந்தது. ஆயம்மாள் மண்வெட்டியோடு மடை மாற்றிக்கொண்டே பின்னால் நடந்தாள். பாதிக் கரும்பு வாங்கிக் குடித்தது. மீதிப் பாதியின் காலடியில் தண்ணீர் அப்படியே தேங்கி நின்றது. அதைக் குடிப்பதற்கு அங்கே யாரும் உயிரோடு இல்லை.